கின்டி வீட்டு நெருப்பு

மே மாதம் முதல் தேதி. மாலை ஏழே கால் மணி. ஊரை விட்டுக் கடலைப் பார்த்துப் போகிற சதுப்புநிலச் சாலை... அதில் கடைசி வீடு மலாக்கி காஃபர்கியுடையது. அதைத் தாண்டினால் கூரை போன ஒரு பாழ்வீடு. அதையும் தாண்டினால் ஒன்றும் கிடையாது.

அப்போது பொழுது சாயவில்லை. மேயில் இங்கே ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும், உங்களுக்குத் தெரியாததா? பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று எவன் சொன்னாலும் நம்பாதீர்கள். இது நல்ல வெளிச்சத்தில் வந்தது. கதவைத் தட்டிவிட்டு வந்தது.

டோனல், அந்த மெழுகுவத்தியை இந்தப் பக்கம் நகர்த்து. இந்தப் புயலில் கரண்ட் இன்றைக்கு வராது.

"வராதுன்னு நீ எப்படிச் சொல்றே டெர்வ்லாக்கா?"

கம்பத்தில் ஏறிச் சரிசெய்ய வேண்டியவனே இங்கே நம்மோடு உட்கார்ந்து பீர் குடித்துக்கொண்டிருந்தால் எப்படியடா வரும்? பேசாமல் கேள்.

மலாக்கி என் தோழி நூலாவின் பெரியப்பா. எனக்கும் பெரியப்பா மாதிரிதான். எழுபத்தொரு வயது, மனைவி போய்ப் பத்து வருடம், ஒரே மகள் ஓர்லா பாஸ்டனில். நான் வீடு வீடாகப் போகிற நர்ஸ் அல்லவா, செவ்வாய்க்கிழமை அவர் முறை. காலில் ஆறாத புண். கட்டுப் போட்டுவிட்டு, தேநீர் குடித்துவிட்டு, அவர் நெருப்பைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுவிட்டு வருவேன்.

அந்த நெருப்பு உங்கள் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்திலிருந்து வரிசையாகக் கூட்டிப்போய்க் காட்டினார்களே. ஆயிரத்தெண்ணூற்று நாற்பத்தேழாம் வருடப் பஞ்சத்தில், அந்தப் பாழ்வீட்டில் குடியிருந்த கின்டி வீட்டார் ஆறு பேர், புருஷன் பெண்டாட்டி நாலு பிள்ளைகள், கப்பலேறக் கிளம்பினார்கள். கிளம்பிய அன்று தங்கள் கணப்பிலிருந்த தணலை இரும்புச் சட்டியில் அள்ளிக்கொண்டு வந்து காஃபர்கி வீட்டுக் கணப்பில் கொட்டினார்கள். ஊரை விட்டுப் போகிறவர்கள் அப்போது அப்படித்தான் செய்வார்கள். "திரும்பி வர்ற வரைக்கும் அணையாம பாத்துக்குங்க." அவ்வளவுதான் பேச்சு. அன்றிலிருந்து காஃபர்கி வீட்டில் ஒவ்வொரு இரவும் தணலைச் சாம்பலால் மூடி, காலையில் ஊதி எழுப்பி, சதுப்பில் வெட்டிக் காயவைத்த கரிமண்கட்டி வைத்து... நூற்றெழுபது வருடத்துக்கு மேல். அதைச் சொல்லும்போது மலாக்கி தலையிலிருந்து தொப்பியை எடுத்துவிடுவார்.

ஓர்லா போனில் கெஞ்சுவாள். "வீட்டைப் பூட்டிட்டு இங்க வந்துடுங்கப்பா."

"நெருப்பை யாரு பாத்துக்குவா?" என்பார். அதற்கு மேல் அவள் பேச முடியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டின் பின்சுவர், அதாவது கணப்புக்கு நேர் பின்னால் வெளிப்பக்கம். ஒவ்வொரு ஏப்ரல் கடைசியிலும் மலாக்கி அதற்குச் சுண்ணாம்பு அடிப்பார். மறுநாளே ஆறு இடத்தில் உதிர்ந்து கல் தெரியும். ஆறும் ஒரே உயரத்தில் இருக்காது. ஒன்று என் தோள் உயரம், ஒன்று அதற்குக் கொஞ்சம் கீழே, அப்படியே இறங்கிக் கடைசியில் ஒன்று என் முழங்கால் உயரம்.

"ஈரம்" என்பார் மலாக்கி.

"பின்னாடி எப்பவும் நெருப்பு எரியுது பெரியப்பா. வீட்டுலயே காஞ்ச சுவர் அதுதானே?"

"உனக்குச் சுவரைப் பத்தி என்ன தெரியும்? நீ காலைப் பாரு."

சரி என்று காலைப் பார்த்தேன்.

இப்போது நான் சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மூன்று குளிர்காலத்துக்கு முன்னால் அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. பதினோரு நாள் ஆஸ்பத்திரி. சாவி அவர் பையிலேயே போய்விட்டது. வலி மருந்தின் மயக்கத்தில் யாரிடமும் கொடுக்க நினைவில்லை. திரும்ப வீட்டுக்குக் கூட்டி வந்தவள் நான்தான். கதவைத் திறந்தோம்... அந்த வீட்டில் அப்படி ஒரு குளிரை நான் பார்த்ததே இல்லை. எந்தச் சந்து வழியாக வந்ததோ, கணப்பில் பூனை சுருண்டு படுத்திருந்தது. சாம்பலின் மேலேயே.

"கையை விட்டுப் பாரும்மா. அடியில ஒரு பொறியாவது இருக்கும்."

மணிக்கட்டு வரை விட்டுத் துழாவினேன். ஒன்றும் இல்லை. அந்த மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். எனக்குத் தாங்கவில்லை. என் பையில் சிகரெட் லைட்டர் இருந்தது, மஞ்சள் பிளாஸ்டிக். இரண்டு செய்தித்தாளைச் சுருட்டி வைத்து, நான்தான் பற்றவைத்தேன். "யாருக்கும் தெரிய வேணாம்" என்றார். சத்தியம் செய்து கொடுத்தேன். அதற்கப்புறமும் பள்ளிப் பிள்ளைகள் வந்து அந்த நெருப்பை வாயைப் பிளந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அப்புறம் வந்தது அந்தப் பஞ்ச நினைவுக்கல் விவகாரம். இந்த மார்ச்சில், பள்ளிக்கூடக் கூடத்தில் கூட்டம். கல்லில் என்ன எழுதுவது? உங்களில் பாதிப் பேர் அங்கே இருந்தீர்கள், கத்தினீர்கள். "ஜனங்க செத்துட்டு இருக்கறப்போ கப்பல் கப்பலா தானியத்தை வெளிய ஏத்தினாங்களே, அதை எழுதுங்க!" என்று ஒரு பக்கம். "உருளைக்கிழங்குல நோய் விழுந்துச்சு, யாரைப் போய்க் குத்தம் சொல்றது?" என்று இன்னொரு பக்கம். வருடா வருடம் நடக்கிற சண்டைதான். அதில் நமக்கு ஒரு சௌகரியம் உண்டு. யார் ஜெயித்தாலும் குற்றவாளி நம் ஊர்க்காரன் இல்லை.

அப்போதுதான் வாத்தியார் ஃபின்டன் எழுந்தார். "நம்மளைப் பத்தி எப்ப எழுதறது?" என்றார்.

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

அவர் கையில் மூன்று காகிதம். முதலாவது, அவர்கள் கிளம்பிய ஏப்ரலில் போன கப்பலின் ஆள் பட்டியல். கின்டி என்று ஒரு பெயரும் இல்லை. இரண்டாவது, அந்த வருடம் நவம்பரில் கின்டியின் வயல் காஃபர்கி பெயருக்கு மாறிய பத்திரம். மூன்றாவது, அந்நாளைய பாதிரியார் எழுதிவைத்த சாவுக் குறிப்பேட்டில் ஒரு வரி. அதை அவர் மெதுவாக வாசித்தார். "மே இரண்டு. கின்டி வீட்டார் ஆறு பேர். துறைமுகத்திலிருந்து காய்ச்சலோடு திருப்பி அனுப்பப்பட்டவர்கள். காஃபர்கி வீட்டுப் பின்சுவர் ஓரம். சவப்பெட்டி இல்லை."

மலாக்கி எழுந்தார். கைத்தடியைத் தரையில் தட்டினார்.

"அவங்க நெருப்பை நாங்க காப்பாத்துனோம்டா! நூத்தெழுபது வருஷம்! எங்க வீட்டைப் பத்தியா பேசுறே?"

"எங்க முப்பாட்டனும் செத்தவங்க வயல் ரெண்டை எடுத்துக்கிட்டான் பெரியவரே. என் வீடு அதுலதான் நிக்குது. நான் உங்களை மட்டும் சொல்லலை."

"அப்ப உன் வீட்டைப் பத்தி மட்டும் எழுதிக்கோ!"

ஓட்டெடுப்பு நடந்தது. ஃபின்டனுக்கு இரண்டு ஓட்டு. மற்றதெல்லாம் மலாக்கிக்கு. 'கின்டி குடும்பம் கடல் கடந்தது. அவர்கள் நெருப்பைக் காஃபர்கி குடும்பம் இன்றுவரை காத்து வருகிறது.' இதுதான் கல்லில் வருவதாக முடிவாயிற்று. திறப்பு விழாவில் அந்த நெருப்பிலிருந்து விளக்கேற்றுவது என்றும். கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. அது என் லைட்டர் நெருப்பு என்று தெரிந்தே தூக்கினேன்.

இப்போது மே முதல் தேதிக்கு வருவோம். அன்று செவ்வாய். காலையில் கட்டுப் போடப் போனேன். வாசலில் நின்று சிகரெட்டை வாயில் வைத்தால் லைட்டரில் வாயு தீர்ந்திருந்தது. "ஒரு கங்கு குடுங்க பெரியப்பா" என்றேன்.

"இன்னைக்கு மே ஒண்ணு. நெருப்பு வாசலைத் தாண்டக் கூடாது. தெரியாதா?"

தெரியும். உங்கள் வீடுகளிலும் உண்டுதானே? மே ஒன்றாம் தேதி பால் கொடுப்பதில்லை, உப்புக் கொடுப்பதில்லை, நெருப்பு கொடுக்கவே கூடாது. கொடுத்தால் வீட்டின் நல்ல காலமும் கூடவே போய்விடும். சிரித்துக்கொண்டே சிகரெட்டைப் பைக்குள் போட்டுவிட்டு வந்தேன்.

அன்று மாலை ஏழே கால். இனி அவர் எனக்குச் சொன்னது.

தட்டுகிற சத்தம். டொக்... டொக்... டொக். கதவின் அடிப்பாகத்தில். குழந்தை தட்டுகிற உயரம். மேல்பாதிக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். ஒன்பது பத்து வயதுப் பெண். கிழிந்த கம்பளித் துணி, சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அன்று மழை இல்லை. கையில் இரும்புச் சட்டி. அவளுக்குப் பின்னால் சாலையில் ஐந்து பேர். அவர்கள் இவரைப் பார்க்கவில்லை. கூரை போன அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கல் திறப்பு விழாவுக்குப் பள்ளிப் பிள்ளைகள் பஞ்ச நாடகம் போடுவதாக இருந்தது. ஒத்திகைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்தாராம்.

"கொஞ்சம் நெருப்பு" என்றாள் அவள்.

அவர் வாயில் தானாக வந்தது. "இன்னைக்கு மே ஒண்ணும்மா. இன்னைக்குக் குடுக்கக் கூடாது. நாளைக்கு வா."

அந்தப் பெண் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"போன தடவையும் இதேதான் சொன்னீங்க."

அப்போதுதான் அந்த வாடை வந்ததாம்... முதலில் நனைந்த கம்பளி வாடை. அதற்கு அடியில் இன்னொன்று, கொஞ்சம் தித்திப்பாக. சாக்கில் மறந்துபோய் அழுகி நீர்விட்ட உருளைக்கிழங்கின் வாடை. கண்ணை மூடித் திறந்தார். அவள் போய்க்கொண்டிருந்தாள். சாலைக்குத் திரும்பவில்லை. ஆறு பேரும் வரிசையாக வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார்கள்.

கதவைத் தாழிட்டுக் கணப்பருகே உட்கார்ந்தார். பின்சுவரில் சத்தம். கல்லில் கம்பளி உரசுகிற சத்தம். சர்ர்... சர்ர்... யாரோ நெருக்கி நெருக்கி ஒட்டிக்கொள்கிறார்கள். அப்புறம் இருமல். அவர் எண்ணினார். ஆறு விதமான இருமல். எட்டரை மணிக்கு ஐந்துதான் கேட்டது. ஒன்பதுக்கு மூன்று. பத்தே முக்காலுக்கு ஒன்று. சின்ன இருமல்.

அப்புறம் அதுவும் இல்லை.

"எழுந்திருக்க முடியலைன்னு பொய் சொல்ல மாட்டேன்" என்றார் என்னிடம். "கால் நல்லாத்தான் இருந்துச்சு. இடுக்கி கைக்கெட்டற தூரத்துல இருந்துச்சு. நாலு கங்கு எடுத்து வெளிய வச்சிருக்கலாம். வைக்கலை. மே ஒண்ணு முடியட்டும்னு கடியாரத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."

காலை ஆறு மணிக்கு எனக்குப் போன். போட்டதைப் போட்டபடி ஓடினேன். பின்சுவரில் முந்தின நாள் காலையில்கூட இல்லாத அளவுக்குச் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. அந்த ஆறு இடமும் துலக்கித் தேய்த்த மாதிரி வழவழவென்று. முழங்கால் உயரத்தில் இருந்ததில் உள்ளங்கையை வைத்தேன். கதகதப்பாக இருந்தது. கணப்புக்குப் பின்சுவர் கதகதப்பாகத்தானே இருக்கும்? அந்த வீட்டுக்கு வெளியே கதகதப்பான இடம் அது ஒன்றுதான்.

மலாக்கி என் பின்னால் நின்றார். வெறுந்தலை.

"எங்கப்பா சாகறப்போ ஒரு வார்த்தை சொன்னார். 'அன்னைக்கு மே ஒண்ணுடா. வேற நாளா இருந்தா குடுத்திருப்பாங்க'ன்னார். எதைக் குடுத்திருப்பாங்கன்னு நான் கேக்கலை."

"உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சா பெரியப்பா?"

"கேக்காம இருக்கற அளவுக்குத் தெரிஞ்சிருந்துச்சு."

அவர் உள்ளே போய் இரும்புச் சட்டியில் தணலை அள்ளினார். "நாள் தாண்டிடுச்சு. இன்னைக்குக் குடுக்கலாம்." நான் கரிமண்கட்டிகளை எடுத்துக்கொண்டேன். இருவரும் அந்தப் பாழ்வீட்டுக்கு நடந்தோம். காஞ்சொறிச் செடியை மிதித்து ஒதுக்கிவிட்டு, கின்டிகளின் கணப்புக் கல்லின் மேல் தணலைக் கொட்டினார். மண்டியிட்டு ஊதினார். நன்றாகவே பிடித்துக்கொண்டது. நூற்றெழுபது வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டில் புகை. இதோடு தீர்ந்தது என்று நினைத்தேன்.

அப்போது அந்த வாடை எனக்கும் வந்தது.

நான் எதையும் பார்க்கவில்லை. மலாக்கி மட்டும் எனக்குப் பக்கத்தில், என் இடுப்பு உயரத்தில், எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம். அவர் முகம் வெளிறிக்கொண்டே போனது.

"என்ன பெரியப்பா?"

"கையை நீட்டிப் பாக்கறா."

"யாரு? என்ன சொல்றா?"

அவர் கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"'இது எங்களோடது இல்ல'ங்கறா."

என் கோட்டுப் பையில் அந்த மஞ்சள் லைட்டர் கிடந்தது. அதைக் கைக்குள் இறுக்கி மூடிக்கொண்டேன். காலி லைட்டர். யாரிடமிருந்து மறைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அவர் ஏன் திடீரென்று மனம் மாறினார் என்று நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். இதனால்தான். நேரே ஃபின்டன் வீட்டுக்குப் போனார். நெருப்பு அணைந்ததையும் சொன்னார், மற்றதையும் சொன்னார். பழைய வாசகத்தை அழிக்கச் சொன்னார். இன்றைக்குக் கல்லில் என்ன இருக்கிறது? ஆறு உயிர், மே இரண்டு, எந்தச் சுவர் ஓரம், எந்தக் கதவு திறக்கவில்லை. இவ்வளவும் அவரே சொல்லி எழுதவைத்தது. உங்களில் சிலர் அவரை ஊரைக் காட்டிக் கொடுத்தவன் என்றீர்கள். தேவாலயத்தில் அவர் பக்கத்தில் உட்கார மறுத்தீர்கள். முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே டோனல், உங்கப்பாவும்தான்.

ஆகஸ்டில் ஒரு ராத்திரி அவர் சாம்பல் போட்டு மூடவில்லை. நெருப்பைத் தன்பாட்டுக்கு அணையவிட்டார். காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாஸ்டனுக்குப் போய்விட்டார். இடுப்பு உடைந்த ஆள், எழுபத்தொரு வயதில் கடல் கடந்தார். நம் ஊரில் இப்போது காஃபர்கி என்று யாரும் இல்லை.

"அப்புறம் என்னக்கா?" என்கிறான் டோனல். குரல் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. "உண்மையை ஒத்துக்கிட்டார். கல்லும் நட்டாச்சு. அதோட முடிஞ்சுதுல்ல?"

நானும் அப்படித்தான் நினைத்தேன். போன வாரம் வரைக்கும்.

ஓர்லா போன் பண்ணினாள். அவளுக்கு இதெல்லாம் தெரியாது. அப்பா கல் விஷயம் மட்டும் சொல்லியிருக்கிறார். நலம் விசாரித்துவிட்டு, "டெர்வ்லாக்கா, நம்ம ஊர்ல சுவர் ஈரத்துக்கு என்ன பூசுவாங்க?" என்று கேட்டாள்.

"எந்தச் சுவர்?"

"கட்டிடத்துக்கு வெளிப்பக்கம் பெயிண்ட் அடிக்கறாங்க. எல்லா இடத்துலயும் நல்லா பிடிச்சிருக்கு. அப்பா ரூம் ஹீட்டருக்கு நேர் பின்னாடி மட்டும் நிக்கவே மாட்டேங்குது. மூணு தடவை அடிச்சுட்டாங்க."

"எத்தனை இடத்துல உதிருது?"

"ஆறு. மேல ரெண்டு பெருசு, கீழ போகப் போகச் சின்னது. உனக்கு எப்படித் தெரியும், ஒரு இடம் இல்லைன்னு?"

"அப்பா என்ன சொல்றார்?"

"அவருக்குக் கவலையே இல்ல. 'பாவம், வந்து சேர்ந்துட்டாங்க'ன்னு சொல்லிட்டு ஹீட்டரைக் கூட்டி வைக்கறார். ராத்திரி பூரா அணைக்க விடறதில்ல. யாரு வந்தாங்கன்னு கேட்டா பதில் இல்ல."

நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். "ஓர்லா... அந்தச் சுவருக்கு வெளியே என்ன இருக்கு? பால்கனியா, படிக்கட்டா? யாராவது நிக்கற மாதிரி இடம் இருக்கா?"

அவள் சிரித்தாள்.

"மூணாவது மாடிக்கா. அங்க என்ன இருக்கும்? கீழ ரோடுதான்."